சுவரில்லாத பக்கத்து வீடு

மதுரையின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் பழனி மலைமேல் வீடு கட்டிக் குடியேறியதிலிருந்து, கொடைக்கானல் உடம்புக்கு ஆகிவரும் இடம் என்ற பேர் நிலைத்துவிட்டது. குளிர்ந்த காற்றும் ஏற்ற இறக்கமான பாதையும் தோட்ட வேலையும் சேர்ந்து மலைக்காரரின் இதயத்தைக் காக்கும் என்று கீழே சமவெளியில் இருப்பவர்களும் நம்புகிறார்கள், மேலே இருப்பவர்களும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையை அப்படியே ஏற்கவும் முடியாது, ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்துக் குளிர் மனிதரின் இதயத் தமனிகளை எந்த வழியாகத் தொடுகிறது என்று தேடிப்போனால், வழியில் பலரும் கவனிக்காத ஒரு திசு குறுக்கிடுகிறது. பெருந்தமனியைச் சுற்றி ஒட்டிக் கிடக்கும் கொழுப்புதான் அது. கொழுப்பு என்றாலே கேடு என்று பழகிய நமக்கு இதன் கதை சற்றுத் திகைப்பூட்டும். ஏனெனில் இது சில உடம்புகளில் தமனியைக் காக்கிறது, சில உடம்புகளில் அதே தமனியை அரிக்கிறது. எத்தனை கிராம் இருக்கிறது என்பதைவிட, உடம்பு அதற்கு என்ன வேலை கொடுக்கிறது என்பதே அதன் குணத்தை முடிவு செய்கிறது. இதை ஆதாரங்களோடு நிறுவுவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். பெருந்தமனி இதயத்தின் இடது கீழறையிலிருந்து கிளம்பி, மேலே வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழிறங்கி, உதரவிதானத்தைக் கடந்து வயிற்றுக்குள் போய், தொப்புள் மட்டத்துக்கு அருகே இரண்டாகப் பிரிகிறது. நெஞ்சுக்குள் அதன் குறுக்களவு சுமார் இரண்டரை சென்டிமீட்டர். இதயத்துக்கே ரத்தம் தரும் இரண்டு கரோனரி தமனிகளும் பெருந்தமனியின் முதல் கிளைகள். வால்வுக்குச் சற்று மேலேயே புறப்பட்டுவிடுகின்றன. தமனிச் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. உள்ளடுக்கில் ரத்தத்தைத் தொட்டிருக்கும் மெல்லிய செல்கள், நடுவில் சுருங்கி விரியும் தசையும் மீள்நாரும், வெளியே இணைப்புத்திசு. இந்த வெளியடுக்குக்கு அப்பால் கொழுப்பு. சிறுநீரகத்துக்கு உறை உண்டு, இதயத்துக்கும் உறை உண்டு. இந்தக் கொழுப்புக்கும் தமனிக்கும் நடுவே அப்படி எதுவும் கிடையாது. இரண்டும் இடைச்சுவரில்லாத பக்கத்து வீடுகள்: ஒன்றில் மூட்டிய புகை மற்றதில் நிறையும், ஒன்றில் சமைத்தது மற்றதற்கும் கிடைக்கும். தமனியின் வெளிச்சுவருக்கு உணவு கொண்டுவரும் மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள்கூட இந்தக் கொழுப்பின் வழியாகவே நுழைகின்றன.

பெருந்தமனிக்கு நேர்வது கரோனரி தமனிகளுக்கு ஏன் பொருட்டாக வேண்டும்? பெருந்தமனி வெறும் குழாயாக இருந்தால் பொருட்டில்லை. இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது அது சற்றே விரிந்து கொஞ்சம் ரத்தத்தைத் தனக்குள் தேக்கிக்கொள்கிறது. இதயம் தளரும்போது பழைய அளவுக்கு மீண்டு அதை முன்னே தள்ளுகிறது. இதயத் தசை இறுகியிருக்கும்போது அதற்குள் ஓடும் குழாய்களும் நெரிபடுவதால், கரோனரி தமனிகளுக்குள் ரத்தம் பெரும்பாலும் பாய்வது தசை தளரும் அந்த இடைவேளையில்தான். ஆகவே பெருந்தமனி விறைத்துப்போனால் இதயத்துக்கு இரட்டை நட்டம்: தள்ளுவதற்கு அதிக உழைப்பு, தனக்குக் கிடைப்பதோ குறைந்த ரத்தம். பெருந்தமனியின் விறைப்பைக் கூட்டும் எதுவும் கரோனரி நோயின் கூட்டாளியே.

இந்தக் கொழுப்பை மருத்துவ ஆய்வுலகம் நெடுங்காலம் குப்பையாகவே நடத்தியது. எலியின் பெருந்தமனியிலிருந்து சில மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வளையம் நறுக்கி, அதற்குள் இரண்டு மெல்லிய கம்பிகளைக் கோத்து, வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, நார்அட்ரினலின் துளிகளை விட்டால் வளையம் சுருங்கிக் கம்பியை இழுக்கும். அந்த இழுவிசையை அளப்பது மருந்தியலின் அன்றாடச் சோதனை. வளையத்தை நறுக்குவதற்கு முன் செய்யும் முதல் வேலை, ஒட்டியிருக்கும் கொழுப்பைக் கத்தரிக்கோலால் சுத்தமாக உரித்தெடுப்பது. 1991-ல் சோல்டிஸ், காசிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் உரித்த வளையத்தையும் உரிக்காத வளையத்தையும் அருகருகே தொங்கவிட்டுப் பார்த்தார்கள். கொழுப்போடு இருந்த வளையம் அதே அளவு நார்அட்ரினலினுக்குக் குறைவாகவே சுருங்கியது. 2002-ல் பெர்லின் ஆய்வுக்குழு ஒன்று, இந்தக் கொழுப்பு தமனியைத் தளர்த்தும் பொருளைத் தானே சுரக்கிறது என்று காட்டியது. உரித்துக் குப்பையில் போட்டது, ரத்த அழுத்தத்தைத் தணிக்கும் ஒரு சுரப்பியை என்பது அப்போதுதான் விளங்கியது.

எலியில் கண்டது மனிதருக்குப் பொருந்துமா என்ற ஐயத்துக்கு அறுவை அரங்கிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. பைபாஸ் அறுவையில் காலிலிருந்து சிரையை எடுத்து இதயத்தில் பொருத்தும்போது, சுற்றியுள்ள கொழுப்பை நீக்கிச் சிரையை வெறுமையாக்குவது வழக்கம். ஸ்வீடனின் ஓரெப்ரோ நகரில் டொமிங்கோஸ் சூசா என்ற அறுவை மருத்துவர் 1990-களில் கொழுப்போடு சேர்த்தே சிரையை எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பதினாறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, கொழுப்போடு பொருத்திய சிரைகளில் 83 விழுக்காடு அடைபடாமல் திறந்திருந்தன; வழக்கமான முறையில் பொருத்தியவற்றில் 64 விழுக்காடு. இந்த வேறுபாடு முழுவதையும் கொழுப்பின் கணக்கில் எழுத முடியாது. புதிய முறையில் சிரையை அழுத்தி உப்பவைப்பதையும் தவிர்த்தார்கள், அதுவும் உட்சுவரைக் காத்திருக்கும். ஆனாலும் கொழுப்பை விட்டுவைத்ததால் குழாய்க்குக் கெடுதல் நேரவில்லை என்பது உறுதி.

இதே திசுவின் மறுமுகத்தையும் ஆய்வுகள் காட்டின. 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலியின் தமனியைச் சுற்றிய கொழுப்பை நீக்கிவிட்டுச் சுவரில் காயம் உண்டாக்கினார்கள். காயம் ஆறும்போது உட்சுவர் அளவுக்கு மீறித் தடித்தது. சாதாரண உணவு தின்ற எலியின் தோலடிக் கொழுப்பை அந்த இடத்தில் ஒட்டவைத்ததும் தடிப்பு குறைந்தது. கொழுப்புணவு தின்று பெருத்த எலியின் கொழுப்பை ஒட்டவைத்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-ல் வேறொரு குழு வயிற்றின் உட்கொழுப்பை எலியின் கழுத்துத் தமனியைச் சுற்றி வைத்தது. அங்கே கொழுப்புப் படிவு கூடியது. ஆக, எல்லாமே தமனியின் பக்கத்தில் வைத்த கொழுப்புதான், திசுவின் பெயரும் அதேதான், விளைவு மட்டும் நேரெதிர். மாறியது கொழுப்பு வந்த இடமும் அதன் வளர்ப்பும். நலமான நிலையில் அது அடிப்போனெக்டின் போன்ற காக்கும் பொருள்களைச் சுரக்கிறது. மிகையான உணவைச் சேமிக்கும் வேலையை ஓயாமல் கொடுத்தால் அதன் செல்கள் உப்புகின்றன, உயிர்வளி போதாமல் திணறுகின்றன, அழற்சி செல்களை வரவழைக்கின்றன. பிறகு அவை விடும் இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சித் தூதுகள் எந்தத் தடையுமில்லாமல் தமனிச் சுவருக்குள் நுழைகின்றன.

மனிதக் கூட்டத்தில் இதை அளந்தவர்கள் ஃபிரேமிங்ஹாம் ஆய்வினர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1948-ல் தொடங்கி, தலைமுறைகளைக் கடந்து தொடரும் இதய ஆய்வு அது. அதில் பங்கெடுத்தவர்களின் சி.டி. படங்களில் நெஞ்சுப் பெருந்தமனியைச் சுற்றிய கொழுப்பின் கன அளவைக் கணக்கிட்டு 2010-ல் வெளியிட்டார்கள். அந்தக் கொழுப்பு கூடுதலாக இருந்தவர்களுக்குக் கரோனரி தமனிகளிலும் வயிற்றுப் பெருந்தமனியிலும் சுண்ணாம்புப் படிவு கூடுதலாக இருந்தது. உடனே ஒரு மறுப்பு எழும்: பருத்த உடம்பில் எல்லா இடத்திலும் கொழுப்பு கூடும், பெருந்தமனியைச் சுற்றியும் கூடும், தொப்பையை அளந்தால் தெரிவதை ஏன் நெஞ்சுக்குள் போய் அளக்க வேண்டும்? நியாயமான கேள்வி. ஆய்வினர் உடல் பருமனையும் வயிற்றின் உட்கொழுப்பையும் கணக்கில் கழித்த பிறகும் இந்தத் தொடர்பு அழியவில்லை. வயிற்றில் உட்கொழுப்பு மிகாதவர்களிலும் ஒரு பகுதியினருக்குப் பெருந்தமனிக் கொழுப்பு மிகுந்திருந்தது. எனவே அது தொப்பையின் நிழல் மட்டும் என்று சொல்லிவிட முடியாது.

நம் நாட்டுக்கு இது கூடுதல் முக்கியத்துவம் உடையது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-ல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவரின் படத்தையும் அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு) 22.3. ஆனால் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 விழுக்காடு. பி.எம்.ஐ. ஒன்றே போல் காட்டிய இரண்டு உடம்புகளில் ஒன்று இரு மடங்குக்கு மேல் கொழுப்பைச் சுமந்தது. 2007-ல் வெளியான ஆய்வொன்றில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது, பிற நாட்டவர்களுக்கு ஏறத்தாழ 59 வயதில். ஒல்லியாகத் தெரிவது நமக்குக் காப்பு ஆகாது. ‘ஆள் பார்க்க ஒல்லிதானே, அவனுக்கு எப்படி அட்டாக் வந்தது?’ என்று துக்க வீடுகளில் கேட்கப்படும் கேள்விக்கு விடையின் ஒரு பகுதி, கண்ணுக்குத் தெரியாத இடங்களில் சேரும் இந்தக் கொழுப்பில் இருக்கிறது.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. நோயுற்ற தமனிதான் பக்கத்துக் கொழுப்பைக் கெடுக்கிறது, கொழுப்பு தமனியைக் கெடுக்கவில்லை. காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போடுகிறீர்கள் என்பார்கள் சிலர். இதில் பாதி உண்மை. ஆக்ஸ்ஃபோர்டில் சாரலாம்போஸ் அன்டோனியாடெஸ் தலைமையிலான குழு, அழற்சியுற்ற தமனி விடும் தூதுகள் அருகிலுள்ள கொழுப்புச் செல்களைக் கொழுப்பு சேமிக்க விடாமல் தடுக்கின்றன என்று 2017-ல் காட்டியது. அந்தச் செல்களில் கொழுப்பு குறைந்து நீர் கூடுவதால் சி.டி. படத்தில் அவற்றின் அடர்த்தி எண் மாறுகிறது. 2018-ல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் சி.டி. எடுத்த 3,912 பேரை ஆராய்ந்தபோது, கரோனரி தமனியைச் சுற்றி இந்த எண் உயர்ந்திருந்தவர்களுக்குப் பின்னாளில் இதய மரணம் நேரும் வாய்ப்பு பல மடங்கு கூடியிருந்தது. இங்கே கொழுப்பு குற்றவாளி இல்லை, நேரில் கண்ட சாட்சி. அதே குழுவின் இன்னொரு கண்டுபிடிப்பு: தமனிச் சுவர் ஆக்சிஜனேற்றத்தால் பாதிக்கப்படும்போது வெளியேறும் பொருள்கள் பக்கத்துக் கொழுப்பை எட்டி, அடிப்போனெக்டினைக் கூடுதலாகச் சுரக்கத் தூண்டுகின்றன. ஆபத்தில் தமனி கூப்பிடுகிறது, கொழுப்பு உதவிக்கு வருகிறது.

அப்படியானால் கொழுப்புக்குக் காரணப் பங்கே இல்லையா? எலிகளில் கொழுப்பை மாற்றி வைத்த சோதனைகள் அந்தப் பங்கைக் காட்டுகின்றன. மனித இதயத்தில் இயற்கையே செய்த ஒரு சோதனையும் உண்டு. சிலருக்குக் கரோனரி தமனியின் ஒரு துண்டு இதயத் தசைக்குள் புதைந்து ஓடி மறுபடி வெளியே வரும். கொழுப்பு சூழாத அந்தத் துண்டில் படிவு அரிதாகவே காணப்படுகிறது. அதற்குச் சற்று முன்னால், கொழுப்பு சூழ்ந்த பகுதியில் படிவு எளிதில் சேர்கிறது. ரத்தம் ஓடும் விதம் வேறுபடுவதும் இதற்குக் காரணமாகலாம் என்ற எதிர்வாதத்துக்கு வலு உண்டு, அதனால் இதை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தெரிவது இருவழிப் போக்கு. கெட்டுப்போன கொழுப்பு தமனியைக் கெடுக்கிறது, கெட்டுப்போன தமனி கொழுப்பை மாற்றுகிறது, எங்கே தொடங்கினாலும் சுழற்சி நடக்கிறது. சுழற்சியை எந்த முனையில் உடைப்பது என்பதே நடைமுறைக் கேள்வி.

இனி மலைக்கு வருவோம். நெஞ்சுப் பெருந்தமனியைச் சுற்றிய கொழுப்பு எலிகளில் ஏறக்குறைய முழுவதும் பழுப்புக் கொழுப்பு. சேமிப்பதற்குப் பதில் எரித்து வெப்பம் உண்டாக்குவது அதன் தொழில். மனிதரிலும் கழுத்தடியிலும் முதுகெலும்பை ஒட்டியும் பெருந்தமனியை ஒட்டியும் பழுப்புக் கொழுப்புத் திட்டுகள் உண்டு. 2009-ல் நெதர்லாந்தில் 24 இளைஞர்களை 16 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்து ஸ்கேன் செய்தபோது 23 பேரிடம் அது விழித்தெழுந்தது. 16 டிகிரி என்பது கொடைக்கானலில் வருடத்தின் பெரும்பகுதியில் சாதாரண வெப்பநிலை. தை மாதத்து விடியலில் உறைபனியே படிகிறது. வட பின்லாந்தில் 1981-ல் வெளியான பிணக்கூறாய்வு ஒன்று, வெளியில் குளிரில் உழைத்தவர்களின் கழுத்துத் தமனிகளைச் சுற்றியும் இதய உறையிலும் பழுப்புக் கொழுப்பு இருந்ததையும், கட்டடத்துக்குள் வேலை செய்தவர்களிடம் அது காணப்படாததையும் பதிவு செய்தது. 2012-ல் மிச்சிகன் ஆய்வாளர்கள் தமனிக் கொழுப்பே இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். குளிரில் வைத்தபோது, கொழுப்பு உள்ள எலிகளுக்குப் படிவு குறைந்தது. இல்லாதவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிட்டவில்லை. 2021-ல் நியூயார்க்கில் புற்றுநோய்ப் பரிசோதனைக்காக ஸ்கேன் செய்துகொண்ட 52,000-க்கும் மேற்பட்டவர்களின் படங்களை ஆராய்ந்ததில், பழுப்புக் கொழுப்பு தென்பட்டவர்களிடையே கரோனரி நோயும் சர்க்கரை நோயும் குறைவாக இருந்தன. எரிக்கும் வேலை கொடுத்தால் இந்தக் கொழுப்பு காவலாகிறது என்ற வாதத்துக்கு இவை வலு சேர்க்கின்றன.

அப்படியென்றால் குளிர் பிரதேசத்தில் வாழ்வதே மருந்தா? இல்லை, இதற்கு எதிரான சான்று கனமானது. 2013-ல் ஸ்வீடன், சீன ஆய்வாளர்கள், ரத்தக் கொழுப்பை வெளியேற்ற முடியாதபடி மரபணு மாற்றிய எலிகளைக் குளிரில் வைத்தார்கள். பழுப்புக் கொழுப்பு விழித்தது. அதற்காக உடைக்கப்பட்ட கொழுப்பு ரத்தத்தில் தேங்கியது. படிவு வளர்ந்தது, எளிதில் உடையும்படி தளர்ந்தும் போனது. எரிக்க எடுத்த கொழுப்பை உடம்பு கையாள முடிந்தால் குளிர் நல்லது, முடியாவிட்டால் கெட்டது என்றே இரண்டு முடிவுகளையும் பொருத்திப் படிக்க வேண்டும். மேலும் குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஏற்கெனவே அடைப்பு இருப்பவருக்குக் குளிர்காலக் காலைகள் ஆபத்தானவை. குளிர் ஒரு தூண்டுதல் மட்டுமே. உழைப்பும் உணவும் புகையிலையும் சேர்ந்துதான் அது எந்தப் பக்கம் சாயும் என்பதை முடிவு செய்கின்றன.

பழனி மலையின் வாழ்க்கையை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். பூம்பாறைக் கிராமத்தின் அடுக்கடுக்கான பாத்திகளில் குனிந்து பூண்டு பிடுங்கி, மூட்டை கட்டி, சரிவில் தலைச்சுமையாக ஏற்றுபவரின் உடம்பு குளிருக்கும் எரிக்கிறது, உழைப்புக்கும் எரிக்கிறது. கொழுப்புக்குச் சேமிக்கும் வேலை குறைவு. அதே ஊரில் பிறந்து, சுற்றுலா வண்டி ஓட்டியோ விடுதியில் கணக்கு எழுதியோ பிழைப்பவர் அதே குளிரைக் கம்பளியாலும் சர்க்கரை தூக்கலான தேநீராலும் சுடச்சுட பஜ்ஜியாலும் பீடியாலும் சமாளிக்கிறார். சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் இன்று காய்கறிப் பணப்பயிர், அடுக்களையில் ரேஷன் அரிசி. மூடிய வீட்டுக்குள் எரியும் விறகின் புகையும் தமனிச் சுவருக்குப் பகை. காற்று இருவருக்கும் ஒன்று, உயரமும் ஒன்று. பெருந்தமனியைச் சுற்றிய கொழுப்புக்குக் கிடைக்கும் வேலையோ வேறு. மலையில் இருப்பதால் இதயம் பத்திரம் என்ற நம்பிக்கை முதலாமவருக்கு ஓரளவு பொருந்தும், இரண்டாமவரை ஏமாற்றும்.

சரி, கேடு தரும் கொழுப்பை எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு 2004-ல் வந்த ஒரு சோதனை பதில் சொல்கிறது. பருமனான பெண்களின் வயிற்றுத் தோலடியிலிருந்து சுமார் பத்து கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்த பிறகும் அவர்களின் இன்சுலின் செயல்பாடோ இதய நோய்க்கான அபாயக் குறிகளோ மேம்படவில்லை. கொழுப்பை வெட்டி எடுப்பதால் உடம்பின் பழக்கம் மாறாது, எரிக்கப் பழக்க வேண்டும். எல்லாரும் சி.டி. எடுத்துப் பெருந்தமனிக் கொழுப்பை அளக்க வேண்டும் என்றும் இந்த அத்தியாயம் சொல்லவில்லை. கதிர்வீச்சும் செலவும் உள்ள சோதனை அது. நெஞ்சு வலிக்காக எடுக்கும் படத்தில் அதையும் சேர்த்துப் படிப்பது பயன் தரும். மற்றவர்களுக்கு ஓர் அளவு நாடாவே நல்ல தொடக்கம். இந்திய ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால், எடை சரியாக இருந்தாலும் எச்சரிக்கை. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்க, தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். மலைக் கிராமங்களுக்கு இது இரட்டிப்பு அவசியம். மாரடைப்பு வந்தபின் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கோ, மலையிறங்கித் தேனிக்கோ போய்ச் சேர்வதற்குள் இதயத் தசை மடிந்துகொண்டே போகும். நெஞ்சு இறுக்கம் தொடங்கியதும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் மாத்திரைகளைப் பெற்றுக்கொண்டு இறங்குவதே அறிவு.

பெருந்தமனிக் கொழுப்பு நமக்குத் தரும் பாடம் எளிமையானது, ஆனால் கறாரானது. உடம்பில் இயல்பாகவே தீய திசு என்று எதுவும் இல்லை. தவறான வேலையில் நெடுநாள் அமர்த்தப்பட்ட திசு உண்டு. நடையும் சுமையும் அளவான சோறும் புகையில்லா அடுப்பும் அதை எரிக்கும் வேலைக்குத் திருப்புகின்றன. இருக்கையும் சர்க்கரையும் பீடியும் அதைச் சேமிக்கவும் கொதிக்கவும் வைக்கின்றன. எந்த உயரத்தில் வாழ்ந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மலைக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு வாய்ப்பு இருக்கிறது: குளிரும் சரிவும் அவர்கள் வாசலிலேயே இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும் வாழ்க்கையை இளைய தலைமுறையும் தொடரும்படி, காலால் நடக்கத் தக்க பாதைகளையும் சிறுதானியங்களையும் புகையற்ற அடுக்களைகளையும் காப்பாற்றித் தருவது குடும்பங்களின் பொறுப்பு, அரசின் பொறுப்பும்கூட.